கிலோவுக்கு எவ்வளவு?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதச் சம்பளத்தில் மளிகைச் செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வீட்டில் முடிவெடுத்தால், முதலில் வெட்டு விழுவது எதில்? பிள்ளைகளின் முட்டையில். பிறகு பழத்தில், பாலில். சாப்பாட்டைக் குறைப்பது சுலபம், அதனால் எல்லோரும் அங்கேயே தொடங்குகிறார்கள். நான் இன்று சொல்லப்போவது சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் குறைக்காமல் செலவைக் குறைப்பது பற்றி. அதற்குத் தேவை ஒரே ஒரு கேள்வி. கிலோவுக்கு எவ்வளவு? எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் இதைக் கேளுங்கள். கடைக்காரரிடம் கேட்காவிட்டாலும் உங்களுக்குள்ளேயே கேளுங்கள்.

பத்து ரூபாய் பாக்கெட் என்கிறோம். பத்து ரூபாய் என்பது விலையே இல்லை. எத்தனை கிராமுக்குப் பத்து ரூபாய் என்று சொன்னால்தான் அது விலை. விலைவாசி ஏறும்போது பத்து ரூபாய் பாக்கெட் பன்னிரண்டு ஆவதில்லை. பத்தாகவே இருக்கும், உள்ளே எடை குறையும். பிஸ்கட், டீத்தூள், எண்ணெய் எல்லாம் குறிப்பிட்ட எடைகளில்தான் வரவேண்டும் என்று முன்பு விதி இருந்தது. இப்போது அது இல்லை. 850 மில்லி, 910 கிராம், 87 கிராம் என்று எந்த அளவிலும் வரலாம். அதற்குப் பதிலாக, எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று அச்சிட வேண்டும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு கிராம் 0.48 ரூபாய் என்று போட்டிருந்தால் ஆயிரத்தால் பெருக்குங்கள். கிலோ 480. அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். ஷாம்பு வாங்கும்போது பாட்டிலில் உள்ள மில்லியையும் சின்ன சாஷேயில் உள்ள மில்லியையும் விலையால் வகுத்துப் பாருங்கள். பல நேரம் சாஷேதான் ஜெயிக்கும். எடையும் விலையும் தெரிந்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மளிகைப் பட்டியலில் கணக்கு மிக எளிதாகத் தவறிப்போகும் இடம் அதுதான்.

ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இல்லை. தண்ணீர்தான் லிட்டருக்கு ஒரு கிலோ. சமையல் எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம். திருப்பிச் சொன்னால், ஒரு கிலோ எண்ணெய் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் 100 மில்லி. இது ஏன் முக்கியம்? ஒரு செக்கில் கடலை எண்ணெய் லிட்டர் 250 ரூபாய், பக்கத்துத் தெரு செக்கில் கிலோ 260 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கால் தானாக முதல் கடைக்குப் போகும். ஆனால் லிட்டர் 250 என்றால் கிலோவுக்கு 275 ஆகிறது. 260 ரூபாய்க் கடைதான் மலிவு, அதுவும் கிலோவுக்கு 15 ரூபாய்.

பாக்கெட்டிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் பாக்கெட் 150 ரூபாய். பக்கத்தில் அதே பளபளப்பு, பார்வைக்கு அதே பருமன், 135 ரூபாய்தான். பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். அது 850 மில்லி. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 159 ரூபாய். 15 ரூபாய் மிச்சம் என்று நினைத்தது லிட்டருக்கு 9 ரூபாய் நஷ்டம்.

டின் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடையில் 15 கிலோ டின்னும் இருக்கிறது, 15 லிட்டர் டின்னும் இருக்கிறது. 15 லிட்டர் என்றால் உள்ளே 13 கிலோ 650 கிராம். ஒன்றே கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம். "பதினைந்து டின் என்ன விலை?" என்று கேட்காதீர்கள். பதினைந்து என்ன? கிலோவா, லிட்டரா?

நாலு பேர் உள்ள வீட்டுக்கு டின் தேவையா என்றால், தனியாக வாங்குவது தப்பு. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது உடம்புக்கும் நல்லது, பைக்கும் நல்லது. நாலு பேருக்கு 2 லிட்டர். 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் இருக்கும். எட்டு மாதம் வரும். திறந்த டின் காற்றுப்பட்டு இரண்டு மூன்று மாதத்தில் காறல் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும், கடைசி லிட்டர்கள் வீண். அதனால் நாலு வீடு சேர்ந்து ஒரு டின் வாங்கி, திறந்த அன்றே பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நாலு லிட்டர் சொச்சம், இரண்டு மாதத்துக்குச் சரி. அளந்து பிரிப்பதைவிட நிறுத்துப் பிரிப்பது நல்லது, சண்டை வராது.

வாங்கியாகிவிட்டது. இனி அடுப்படி. பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து நேராக வாணலியில் ஊற்றும் பழக்கம் இருக்கிறதே, அதை நிறுத்தினாலே மாதம் கால் லிட்டர் மிஞ்சும் வீடுகள் உண்டு. ஒன்றாம் தேதி 2 லிட்டரையும் நாலு அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டில். வியாழக்கிழமை பாட்டிலைப் பார்த்தாலே கைக்குப் புத்தி வந்துவிடும். தாளிக்க இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி தாராளம். கரண்டியைச் சரித்துப் பிடித்தால் கடுகு வெடிக்க அதுவே போதும்.

பொரிப்பதற்கு அகலமான வாணலி வேண்டாம். அகலமானதில் அரை லிட்டர் ஊற்றினால்தான் வடை மிதக்கும். அடி குறுகிய சின்ன இரும்புச் சட்டியில் 300 மில்லி போதும். ஒரு தடவைக்கு இரண்டு வடைதான் போடலாம், நேரம் கொஞ்சம் ஆகும். எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டால் மேல்தோல் உடனே இறுகாது, வடை எண்ணெயைக் குடிக்கும். மாவில் ஒரு துளி கிள்ளிப் போடுங்கள். போட்டதும் மேலே வந்தால் சூடு சரி. அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவேண்டும். மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கவோ தோசைக்கோ தீர்த்துவிடுங்கள். மறுபடி மறுபடி பொரிக்க வைத்துக்கொள்ளாதீர்கள். அது சிக்கனம் இல்லை, பின்னால் ஆஸ்பத்திரிச் செலவு.

எண்ணெயிலேயே பாதி நேரம் போய்விட்டது. புளிக்கு வருகிறேன்.

தினம் எலுமிச்சை அளவு புளி என்றால் சுமார் 25 கிராம். மாதம் முக்கால் கிலோ, வருஷத்துக்கு 9 கிலோ. புதுப் புளி வரும் காலம் மாசியும் பங்குனியும். மிளகாய் வற்றலும் மல்லியும் கிட்டத்தட்ட அதே பருவம்தான். அப்போது விலை இறங்கியிருக்கும். வருஷத்துச் சாமானை மொத்தமாக வாங்கப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஒரே மாதத்தில் வாங்க வேண்டாம். மாசியில் மிளகாய், பங்குனியில் புளி, நடுவில் மல்லி என்று பிரித்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு முடியாவிட்டால் ஆறு மாதத்துக்கு.

புளியிலும் அதே கேள்விதான், கிலோவுக்கு எவ்வளவு? கொட்டையோடு இருக்கும் புளி கிலோ 100 ரூபாய், கொட்டை எடுத்தது 150 ரூபாய் என்றால் எதை வாங்குவது? கொட்டைப்புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையே போய்விடும். ஒரு கிலோவில் சதை 600, 650 கிராம்தான் தேறும். அப்படிப் பார்த்தால் சதை கிலோ 160 ரூபாய்க்குப் பக்கத்தில் விழுகிறது. கொட்டை எடுத்ததே மலிவு, அரிவாள்மணையோடு உட்காரும் வேலையும் இல்லை. கொட்டைப்புளி 80 ரூபாய்க்குக் கிடைத்தால் கதை மாறும், அப்போது உட்காரலாம். வாங்கிய புளியை ஒருநாள் வெயிலில் காயவைத்து, நாரைக் களைந்து, கல்லுப்பு தூவி அடுக்கடுக்காகப் பானையிலோ ஜாடியிலோ அமுக்கி வையுங்கள். அலுமினியம், பித்தளை பக்கமே போகவேண்டாம், புளிப்பு அரித்துவிடும். ஈரக்கையால் எடுத்தால் பூஞ்சை பிடிக்கும். நாளாக ஆகக் கறுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கெட்டதல்ல.

சாம்பார்ப் பொடி. ஒரு கிலோ மல்லி, அரைக் கிலோ மிளகாய் வற்றல், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 100 கிராம் வீதம், மிளகும் சீரகமும் விரலி மஞ்சளும் 50 கிராம் வீதம், வெந்தயம் 25. இது முறமுறவென்று காய்ந்தபின் மில்லில் கொடுத்தால் ஒன்றே முக்கால் கிலோ அளவுக்குப் பொடி வரும். அரைப்புக் கூலியையும் சேர்த்துக் கிலோ விலை போட்டு, கடையில் வாங்கும் 50 கிராம் பாக்கெட்டை இருபதால் பெருக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். நான் தொகை சொல்லவில்லை, உங்கள் ஊர் விலையில் நீங்களே போடுங்கள். அப்போதுதான் மனசில் நிற்கும். மில்லிலிருந்து சூடாக வரும் பொடியை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டிதட்டிவிடும். அகலமான தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள்.

அடுத்தது ரேஷன். அரிசி அட்டை வைத்திருந்தும் பருப்பையும் பாமாயிலையும் வாங்காமல் விடுகிற வீடுகள் இருக்கின்றன. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் பாக்கெட் 25 ரூபாய். கிலோவுக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்தக் கடையிலும் கிடையாது. மாத முதல் பாதியிலேயே வாங்கிவிடுங்கள். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை அங்கேயே நின்று படியுங்கள். வாங்காத பொருள் அதில் இருந்தால் கடையிலேயே கேளுங்கள், சரியாகாவிட்டால் 1967 என்ற உதவி எண்ணுக்குப் பேசலாம். பாமாயில் மார்கழியில் உறைந்தால் குறை என்று நினைக்காதீர்கள், வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். பருப்பு வேகவில்லையா? அரைமணி நேரம் ஊறவைத்து, நன்றாக வெந்தபிறகு புளியும் உப்பும் சேருங்கள். புளி முன்னால் விழுந்தால் பருப்பு அப்படியே நிற்கும், காஸ்தான் போகும்.

2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் புழுங்கலரிசியை இட்லிக்குப் போடுங்கள். நாலைந்து தண்ணீர் கழுவி, ஐந்து மணி நேரம் ஊறவேண்டும். நாலு பங்குக்கு ஒரு பங்கு முழு உளுந்து. இட்லி கல்லாக வந்தால் அடுத்த தடவை உளுந்தைக் கொஞ்சம் கூட்டி, ஒரு கைப்பிடி அவலும் ஊறப்போடுங்கள். மிக்ஸியில் அரைப்பவர்கள் குளிர்ந்த தண்ணீர் விடவேண்டும், சூடேறினால் உளுந்து பொங்காது. ஒரு கிலோ அரிசிக்கும் கால் கிலோ உளுந்துக்கும் சுமார் 3 கிலோ மாவு கிடைக்கும். அதாவது கடையில் நீங்கள் வாங்கும் ஒரு கிலோ மாவில் அரிசியும் உளுந்தும் சேர்ந்து 400 கிராம் இருந்தால் பெரிது. மீதி தண்ணீர். தண்ணீருக்குக் கிலோ விலை கொடுக்கிறோம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விரல் காட்டுகிறார்கள். காய்கறி பற்றி நிறையச் சொல்ல இருந்தது. இரண்டே வரி. உழவர் சந்தையில் அன்றைய விலையை வாசலில் பலகையில் எழுதியிருப்பார்கள்; அதைப் படித்தபின் என்ன சமைப்பது என்று முடிவு செய்யுங்கள், வீட்டிலிருந்தே தீர்மானித்துக்கொண்டு போகாதீர்கள். தக்காளி 80 ரூபாய் விற்கிற வாரம் புளிக்குழம்பும் மோர்க்குழம்பும் வைக்கலாம். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடவேண்டாம், உருளை சீக்கிரம் முளைவிடும்.

பாலுக்கு ஒரே வரி. ஆவினில் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் நாலரை, ஆரஞ்சில் 6. டீ, காப்பிக்கு நீலம் போதும், தயிருக்கு மட்டும் பச்சையில் அரை லிட்டர். சென்னையில் இருப்பவர்கள் மாதாந்திர அட்டை போட்டுக்கொண்டால் எம்.ஆர்.பி.யைவிடக் குறைவு, அந்த மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும், அதற்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.