ஒரு வரி, ஒரு மூச்சு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதும் பால்குடமும் ஒரு பக்கம் நடக்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் திருவிளக்கு பூஜைக்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே எல்லோரும் சேர்ந்து சொல்கிற பாராயணத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் 108 போற்றி. முன்னால் இருப்பவர் அம்மன் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் ‘போற்றி’ என்கிறார்கள். ஒவ்வொரு போற்றிக்கும் ஒரு சிட்டிகை குங்குமம் விளக்கின் அடியில் விழ வேண்டும். அது விழுமுன் அடுத்த பெயர் வந்துவிட்டால் கை தடுமாறும். அள்ளி அள்ளிப் போட்டவர்களுக்குப் பாதியிலேயே கிண்ணம் காலி. பக்கத்து விளக்குக்காரரிடம் கை நீளும். நடத்துகிறவர் புத்தகத்தைப் பார்ப்பதைவிட இந்தக் கைகளைப் பார்த்துச் சொல்வது நல்லது.

அடுத்து லலிதா சகஸ்ரநாமம். பிரம்மாண்ட புராணத்தில் ஹயக்ரீவர் அகத்தியருக்குச் சொன்னதாக வரும் 1000 நாமங்கள். தொடக்கத்தில் ‘ஸ்ரீ மாதா’, ‘ஸ்ரீ மஹாராஜ்ஞீ’ என்று சின்னச் சின்னப் பெயர்கள். அந்த உற்சாகத்தில் கூட்டம் வேகம் பிடித்துவிடும். கொஞ்ச தூரத்திலேயே ‘நிஜாருணப்ரபாபூர மஜ்ஜத்ப்ரஹ்மாண்டமண்டலா’ வந்து நிற்கிறது. தன் சிவந்த ஒளிவெள்ளத்தில் அண்டங்களையெல்லாம் மூழ்கடிப்பவள் என்கிற ஒரே நாமம் அது. முன்பே ஓடிக் களைத்தவர்கள் நடுவில் மூச்சு வாங்கி, ஒரு பெயரை இரண்டாக்கிவிடுகிறார்கள். மெய்யெழுத்தை விட்டு எண்ணினால் அந்த வரி 16 எழுத்து. நிதானமாகச் சொன்னால் ஒரு மூச்சில் அடங்கும்.

இதே அளவு அபிராமி பட்டர் பாடிய அபிராமி அந்தாதியிலும் இருக்கிறது. அது கட்டளைக் கலித்துறை என்ற பா வகை. மெய்யெழுத்து நீங்கலாக ஒரு வரிக்கு 16 அல்லது 17 எழுத்து. வடமொழி சுலோகத்துக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் இலக்கணம் வேறு வேறு. ஆனாலும் இரண்டிலும் வரியின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். வாய்விட்டுச் சொல்லும் மனிதருக்கு மூச்சு ஒன்றுதானே!

கூட்டமாகச் சொல்வதற்கு அந்தாதியைப் போல வசதியானது வேறில்லை என்பேன். முதல் பாட்டு ‘விழுத்துணையே’ என்று முடிய, அடுத்தது ‘துணையும் தொழும் தெய்வமும்’ என்று எடுக்கிறது. அது ‘அறிந்தனமே’ என்று முடிய, மூன்றாவது ‘அறிந்தேன்’ என்று தொடங்குகிறது. கண் மங்கிய பாட்டிக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் அடுத்த பாட்டின் முதல் சொல் காதில் விழுந்துவிடுகிறது. திருக்கடையூரில் தை அமாவாசையன்று பாராயணம் 79-ஆம் பாட்டான ‘விழிக்கே அருளுண்டு’க்கு வரும்போது எல்லோர் கவனமும் கூர்மையாகும், பட்டருக்காக அன்னை அமாவாசை வானில் நிலவைக் காட்டியது அந்தப் பாட்டில்தான் என்பது ஐதீகம். மற்ற ஊர்களிலோ 69-ஆம் பாட்டில் குரல் உயரும். ‘தனம் தரும், கல்வி தரும்’ யாருக்குத்தான் தெரியாது? அதுவரை உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அப்போது வாய் திறப்பார்கள்.

எனக்கு ஒரே ஒரு குறை, ஒலிபெருக்கியைப் பற்றி. இரண்டு பேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தால் மற்றவர்கள் கேட்பவர்களாக மாறிவிடுகிறார்கள். பிறகு அது கச்சேரி, பாராயணம் இல்லை. அடியெடுத்துக் கொடுக்க மைக் இருக்கட்டும். கூட்டம் சொல்லும்போது அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். கடைசி வரிசை முடித்த பிறகே அடுத்த வரியை எடுக்கலாம். அரைமணி கூடுதலாகும், அவ்வளவுதான். பிரசாதம் காத்திருக்கும், விளக்குக்கு எண்ணெய் விட மட்டும் ஒருவரை நியமித்துவிடுங்கள்.

இதுவரை போகாதவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். புத்தகம் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம். முதல் நாள் ‘போற்றி’ மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

வணக்கம்.