மாடு எந்தக் கிணற்றில் இறைத்தது?

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சுவரில் மாட்டியிருக்கிற படங்கள் எல்லாம் சேலம் மாவட்டத்து ஆத்தூரிலும் அதன் சுற்றுப்பக்கத்திலும் வரைந்தவை. சற்று முன் பார்த்துக்கொண்டு வந்த ஒரு ஐயா, "விவசாய ஊர் என்கிறீர்கள், ஒரு மாட்டு வண்டிகூட இல்லையே தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

நான் முதலில் வரைந்ததெல்லாம் மாட்டு வண்டியும் ஏரும்தான். நேரில் பார்த்து அல்ல, காலண்டரைப் பார்த்து. அப்பா ஒருநாள் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த மாடு எந்தக் கிணற்றில் இறைத்தது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கவலைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கிணறு அது. கிணற்று விளிம்பில் இரண்டு கல்தூண்கள், உச்சியில் உருளை மாட்டிய துளை. அங்கிருந்து மண் சரிவாக இறங்குகிறது, வாரி என்போம். மாடு சரிவில் இறங்கினால், கயிற்றில் கட்டிய சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வரும். திரும்ப மாடு பின்னடி வைத்தே ஏற வேண்டும். மோட்டார் வந்ததும் எல்லாம் நின்றுபோனது. ஆனால் சரிவு அப்படியே இருக்கிறது. இன்று அதில் யாரோ பைக் நிறுத்துகிறார்கள். நான் பைக்கோடு சேர்த்தே வரைந்தேன்.

அப்புறம் ஜவ்வரிசிக் களம். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து, பாலை வடித்து, தொட்டியில் தெளியவிட்டு எடுத்த மாவு இங்கே வெயிலில் காய்கிறது. புளித்த வாடை தெருமுனையிலேயே வந்துவிடும். வரைகிறவனுக்கு இது பெரிய சோதனை. நீர்வண்ணத்தில் வெள்ளைக்கு வண்ணம் பூசுவதில்லை. தாளைத்தான் விட்டுவைக்க வேண்டும். ஒரு துளி தெறித்தாலும் களம் அழுக்காகிவிடும். நிழலுக்குச் சாம்பல் நிறம் போட்டுப் பல தாள்களைக் கெடுத்திருக்கிறேன். குந்தி உட்கார்ந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது: மேடு மேடாகக் குவித்த மாவின் நிழலில் வானம் விழுகிறது, அது வெளிர் நீலம். மாவைக் கிளறிவிடுகிற ஒரு அம்மா சிவப்புச் சேலையில் பக்கத்தில் வந்தால் அதே நிழல் ஓரத்தில் ரோஸ் நிறமாகிறது. ஒன்பது மணிக்குமேல் அங்கே கண்ணைத் திறக்க முடியாது. அங்கே வேலை செய்கிறவர்களோ நாள் முழுக்க அந்த வெளிச்சத்தில் நிற்கிறார்கள். அதனால்தான் அந்தப் படத்தில் முகங்களைச் சுருக்கிய கண்களோடு போட்டேன். அழகாக்க மனம் வரவில்லை.

ஏற்காட்டை வரைய நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏரியும் பனியும் யாரையும் இழுக்கும், சரிதான். ஆத்தூரின் பெயரோ கிச்சிலிச் சம்பா என்ற நெல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊர் ஓரத்தில் இன்று மஞ்சள் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு கல்லுக்கு நடுவே பழைய கிழங்குக் குச்சி ஒன்று தானாகத் துளிர்த்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு நாள் காலையில் உட்கார்ந்தேன்.

ஐயா, வாசலுக்கு வலப்பக்கம் மூன்றாவது படம் அந்த வாரிதான். போய்ப் பார்த்துவிட்டு, மாடு எந்த இடத்தில் நின்று பின்னடி வைத்திருக்கும் என்று எனக்குச் சொல்லுங்கள்.