டி.வி.ஆர். மின்னஞ்சல் அனுப்ப மறுக்கிறது: நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் அப்படியே படித்துவிடுகிறேன். "ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீட்டில் நான்கு கேமராவும் ஒரு டி.வி.ஆரும் வைத்திருக்கிறோம். வாசலில் நடமாட்டம் தெரிந்தால் படத்தோடு எனக்கு மின்னஞ்சல் வரும்படி அமைத்திருந்தோம். அது நின்றுபோய் வெகு நாளாகிறது. ஜிமெயில் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் கொடுக்கிறேன், ஆனால் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் தோல்வி என்றே வருகிறது. கேமரா பொருத்தியவர், தானே ஒரு மெயில் சர்வர் முகவரி தருவதாகவும், என்கிரிப்ஷன் என்ற இடத்தில் 'நன்' என்று வைத்துவிட்டால் போதும் என்றும் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?"

செய்ய வேண்டாம். டி.வி.ஆர். என்பது கேமராக்களின் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி. என்கிரிப்ஷன் என்பது வழியில் யாரும் படிக்க முடியாதபடி தரவை மறைக்கும் மறைகுறியாக்கம், 'நன்' (None) என்றால் அது எதுவும் வேண்டாம் என்று பொருள். அந்த மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டே யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. வீட்டைக் காப்பதற்காக வைத்த பெட்டியே வீட்டுப் படங்களை வழியெல்லாம் திறந்து காட்டிக்கொண்டு போகும் நிலைக்கு, நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட ஒரு யோசனை கொண்டுபோய் விடுகிறது.

முதலில் மின்னஞ்சல் ஏன் நின்றது என்று பார்ப்போம். வெறும் பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் கொடுத்து நுழையும் செயலிகளையும் கருவிகளையும் தனிநபர் கணக்குகளில் அனுமதிப்பதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திக்கொண்டது. மைக்ரோசாஃப்டும் அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் அந்த வழியை மூடியது. ஆகவே உங்கள் பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் டி.வி.ஆரிலிருந்து அது ஏற்கப்படாது. ஜிமெயிலில் இதற்கு உரிய வழி, கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அதன் பிறகு, இப்படிப்பட்ட கருவிகளுக்கென்று கூகுள் தரும் தனிப் பாஸ்வேர்டான 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உருவாக்கிக்கொள்வது. பதினாறு எழுத்துகள், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும். டி.வி.ஆரில் இடைவெளி விடாமல் சேர்த்துத் தட்டச்சிடுங்கள். கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டும் செல்லாததாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலருடைய அறிவிப்புகள் மறுபடி நிற்பது அந்த இடத்தில்தான்.

இனி 'நன்' என்ற அந்தத் தேர்வு. என்கிரிப்ஷன் இல்லாமல் டி.வி.ஆர். மெயில் சர்வருக்குள் நுழையும்போது, பயனர்பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் பேஸ்-64 என்ற வடிவில் செல்கின்றன. பார்க்கும்போது புரியாத எழுத்துக்கூட்டம் போலத் தோன்றினாலும் அது மறைகுறியாக்கம் அன்று. திருப்பி மாற்றிப் படிக்க எந்தச் சாவியும் தேவையில்லை. உங்கள் ரௌட்டரிலிருந்து அந்தச் சர்வர் வரை, வழியில் தரவைப் பார்க்கக்கூடிய எவரும் பாஸ்வேர்டையும் படத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். அதோடு, அந்தச் சர்வர் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் யார் எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்பதைக் காட்டும் படங்கள், நமக்குத் தெரியாத ஒருவர் நிர்வகிக்கும் இடத்தில் சேர வேண்டிய அவசியம் என்ன?

ஜிமெயிலுக்கு நிரப்ப வேண்டியவை எளியவை. சர்வர் முகவரி எஸ்.எம்.டி.பி. டாட் ஜிமெயில் டாட் காம். போர்ட், அதாவது சர்வரில் நுழையும் வாசலின் எண், 465 என்றால் என்கிரிப்ஷனில் எஸ்.எஸ்.எல். என்றும், 587 என்றால் டி.எல்.எஸ். அல்லது ஸ்டார்ட் டி.எல்.எஸ். என்றும் பெரும்பாலான பெட்டிகளில் வைக்க வேண்டும். டி.எல்.எஸ். என்பது இணைப்பை மறைகுறியாக்கும் முறை, எஸ்.எஸ்.எல். அதன் பழைய பெயர். இரண்டும் கிடைக்குமானால் 465-ஐத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. 587-இல் பேச்சு வெளிப்படையாகத் தொடங்கி, சர்வர் 'மறைகுறியாக்கத்துக்கு மாறலாம்' என்று சொன்ன பிறகே மாறுகிறது. நடுவில் இருப்பவர் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டால், கண்டிப்பில்லாத கருவி வெளிப்படையாகவே தொடர்ந்து பேசிவிடும். 465-இல் முதல் பைட்டுக்கு முன்பே டி.எல்.எஸ். தொடங்கிவிடுகிறது. 2018-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 8314 என்ற இணையத் தர ஆவணமும் இந்த முறையையே விரும்பத்தக்கதாகச் சொல்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் தோல்வி வந்தால், நெட்வொர்க் பக்கத்தில், தளப் பெயர்களை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வரின் முகவரி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்த பெட்டி, மின்சாரம் போய் வந்ததும் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில், சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கருதி இணைப்பை மறுத்துவிடும். இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் என்.டி.பி. வசதியை இயக்கி, நேர மண்டலத்தை +5:30 என்று வையுங்கள். இதில் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. தேதி பல ஆண்டுகள் தவறாக இருந்தும் எஸ்.எஸ்.எல். வழியே மின்னஞ்சல் தடையின்றிப் போகிறதென்றால், அந்தப் பெட்டி சான்றிதழை ஒழுங்காகச் சரிபார்ப்பதே இல்லை என்று பொருள். எதிரே இருப்பது உண்மையில் கூகுள்தானா என்று பார்க்காமலே அது பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறது.

இங்கேதான், முன்பு ரௌட்டர் பற்றிய உரையிலும், கருவிகளைக் கைப்பற்றும் மிராய் என்ற தீநிரல் பற்றிய உரையிலும் நான் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். ஒரு கருவிக்குச் சாவி கொடுக்கும்போது, அந்தச் சாவி எத்தனை பூட்டுகளைத் திறக்கும் என்று முதலில் கேளுங்கள். டி.வி.ஆருக்குத் தேவை, மின்னஞ்சல் அனுப்பும் உரிமை மட்டும். ஆனால் அதில் போடும் ஆப் பாஸ்வேர்ட், அஞ்சலைப் படிக்க உதவும் ஐமேப் என்ற முறை வழியே அந்தக் கணக்கின் அஞ்சல் முழுவதையும் படிக்கவும் உதவும். வங்கி அறிவிப்பும், மருத்துவ அறிக்கையும், மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்புகளும் வந்து சேரும் உங்கள் சொந்தக் கணக்கின் சாவியை, சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டிக்குள் ஏன் வைக்க வேண்டும்? 2016-இல் மிராய், ஆலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட டி.வி.ஆர்.களையும் கேமராக்களையும்தான் கூட்டங்கூட்டமாகப் பிடித்தது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பயனர்பெயர், பாஸ்வேர்ட் இணைகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே அது உள்ளே நுழைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு, பல தளங்களுக்கு டி.என்.எஸ். சேவை தந்த அமெரிக்காவின் டைன் (Dyn) நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலால் ட்விட்டர் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை.

ஆகவே, அனுப்புவதற்கென்று மட்டும் புதிய ஜிமெயில் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். அதற்கு இரண்டு படிச் சரிபார்ப்பு, அதில் ஓர் ஆப் பாஸ்வேர்ட், அது டி.வி.ஆருக்கு மட்டும். பெறுநர் இடத்தில் உங்கள் வழக்கமான முகவரி இருக்கலாம், அதற்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை. அனுப்பிய படங்கள் அந்தக் கணக்கின் 'சென்ட்' பகுதியில் தங்கும் என்பதால் அவ்வப்போது அழித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பழைய டி.வி.ஆரைப் பழைய பொருள் கடையில் கொடுத்தபோது ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். மின்னஞ்சல் அமைப்பு இருப்பது டிஸ்கில் இல்லை, பெட்டியின் உள் நினைவகத்தில். வாங்கியவர் நல்லவர், மெயில் பக்கத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு அவரே தகவல் சொன்னார். பெட்டியைக் கொடுப்பதற்கு முன் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். செய்ய முடியாமல் பெட்டி பழுதாகியிருந்தாலும், கூகுள் கணக்கில் அந்த ஆப் பாஸ்வேர்டை நீக்கிவிட்டால் சாவி செத்துவிடும்.

மிகப் பழைய பெட்டியாக இருந்து, டி.எல்.எஸ். 1.0 மட்டுமே தெரியுமென்றால் அதை நம்ப வேண்டாம். அந்தப் பதிப்பும் 1.1-உம் 2021-லேயே முறைப்படி கைவிடப்பட்டவை. ஓரளவு லினக்ஸ் தெரிந்தவர்கள், வீட்டுக்குள் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை நிறுவி, டி.வி.ஆர். அதனிடம் கொடுக்க, அது ஜிமெயிலுக்கு அனுப்பும்படி அமைக்கலாம். டி.எல்.எஸ். இல்லாமல் அனுப்பவே கூடாது, சான்றிதழையும் சரிபார்க்க வேண்டும் என்று அதில் கட்டாயப்படுத்திவிடலாம். எனக்கு இந்த முறை பிடித்திருப்பதற்குக் காரணம், டி.வி.ஆருக்குள் எந்தப் பாஸ்வேர்டும் இருக்கத் தேவையில்லை என்பதுதான். ஆனால் அந்தப் போஸ்ட்ஃபிக்ஸ் டி.வி.ஆரின் ஐ.பி. முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஏற்க வேண்டும், இணையத்துக்குத் திறந்திருக்கவே கூடாது.

இந்த நேயர் இன்னொன்றையும் கேட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். மின்னஞ்சல் வராத நாளில், வாசலில் யாரும் வரவில்லை என்று பொருளா, பெட்டியே நின்றுவிட்டது என்று பொருளா? அவருக்கு அறிவிப்பு நின்று வெகு நாளாகியிருக்கிறது. அது எந்த நாளில் நின்றது என்று அவரால் சொல்ல முடியுமா? சில டி.வி.ஆர்.களில் 'ஹெல்த் மெயில்' என்றொரு வசதி உண்டு. நடமாட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தான் உயிரோடு இருப்பதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அதை நாளுக்கு ஒருமுறை என்று வைத்து, காலையில் அது வந்திருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். ரௌட்டரையும் டி.வி.ஆரையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் இணைத்துவிடுங்கள், இல்லையேல் மின்வெட்டு நேரத்தில் எதுவும் வராது. வாசலில் ஆடும் செடிக்கும், இரவில் லென்ஸுக்கு முன் வலை பின்னும் சிலந்திக்கும் அறிவிப்பு வந்துகொண்டிருந்தால், இலவச ஜிமெயிலின் நாளுக்கு 500 என்ற வரம்பு தீர்ந்து, உண்மையான படம் வர வேண்டிய நேரத்தில் கணக்கு அடைபட்டிருக்கும். ஆகவே நடமாட்டம் கவனிக்கும் பகுதிக்குள் வாசல் கதவும் படிக்கட்டும் மட்டும் இருக்கும்படி வரைந்துகொள்ளுங்கள்.

கேள்வி அனுப்பிய நேயர் தம்முடைய டி.வி.ஆரின் மாடல் எண்ணையும், ஃபர்ம்வேர் எனப்படும் அதன் உள் மென்பொருளின் பதிப்பையும் எழுதி அனுப்பினால், அதில் 465 போர்ட்டும் ஹெல்த் மெயிலும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை என்கிரிப்ஷன் 'நன்' என்ற இடத்துக்குப் போக வேண்டாம்.