ரிஸ்க்கான முடிவை ஆங்கிலத்தில் எழுதும்போது

வணக்கம். ஆங்கிலக் கட்டுரையில் ஒருவர் கஷ்டமான முடிவு எடுத்தார் என்று எழுத வேண்டிய இடம் வந்தாலே, எங்கோ மனப்பாடம் செய்த இடியம் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறோம் இல்லையா, இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்பதைப் பலரும் இருதலைக்கொள்ளி எறும்பு நிலைமைக்கு எழுதுகிறார்கள். அது பொருந்தாது. தாமஸ் ஹாப்சன் கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டவர், 1631-ல் இறந்தார். நல்ல குதிரையையே எல்லாரும் கேட்டால் அது ஓடி ஓடியே ஓய்ந்துபோகும் என்பதால், கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையை எடு, இல்லையென்றால் நடையைக் கட்டு என்பாராம். அதாவது தேர்ந்தெடுப்பது போல ஒரு தோற்றம்தான், உண்மையில் இருப்பது ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் அடி விழும் என்றால் 'டிலெமா' என்று எழுதுங்கள், பேச்சுநடை பரவாயில்லை என்றால் 'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் ப்ளேஸ்'.

'கிராஸ் தி ரூபிகான்' இன்னும் கனமானது. கி.மு. 49-ல் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் படையோடு ரூபிகான் என்ற ஆற்றைத் தாண்டினார், அது சட்டவிரோதம், தாண்டியதும் உள்நாட்டுப் போர்தான். அதனால் இனி பின்வாங்கவே முடியாது என்ற முடிவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் பிளான் மாற்றியதற்கெல்லாம் சீசரைக் கூப்பிட்டால் படிக்கிறவர் சிரிப்பார்!

அப்புறம் 'பைட் தி புல்லட்'. பிடிக்காத ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது. துணிந்து பணம் போட்டார் என்பதற்கு இது வராது. 'ஹி பிட் தி புல்லட் அண்ட் பாட் எ லாட்டரி டிக்கெட்' என்று எழுதினால், ஏதோ டிக்கெட் வாங்குவதே அவருக்குச் சித்திரவதை என்பது போல ஆகிவிடும். ரொம்ப நாள் தயங்கிவிட்டு, வேலையை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்குகிறார் என்றால் 'டேக் தி பிளஞ்ச்' கச்சிதம்.

மதில்மேல் பூனைக்கு 'ஆன் தி ஃபென்ஸ்' கிட்டத்தட்டச் சரி. ஆனால் பூனை எந்தப் பக்கம் குதிக்குமோ என்பது நம்முடைய கவலை, ஆங்கிலத்தில் 'சிட்டிங் ஆன் தி ஃபென்ஸ்' என்றால் பக்கம் சேராமல் நழுவுகிறார் என்ற குத்தலும் பல நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலதிகாரியைப் பற்றி எழுதும்போது பார்த்து எழுதுங்கள்!

ஆபீஸ் ரிப்போர்ட் என்றால், என்னைக் கேட்டால், இதில் எதுவுமே வேண்டாம். சாதக பாதகங்களை எடைபோடுவதற்கு 'வெய் அப் தி ப்ரோஸ் அண்ட் கான்ஸ்' தாராளமாகப் போடலாம், அதற்கு மேல் போனால் அலங்காரம்தான் மிஞ்சும். 'திஸ் இஸ் எ டபுள்-எட்ஜ்ட் ஸ்வோர்ட்', அதாவது இருபுறமும் கூரான கத்தி, என்று நிறுத்திவிட்டால் எந்தப் பக்கம் வெட்டும் என்று எப்படித் தெரியும்? செலவு குறையும், ஆனால் டெலிவரி தாமதமாகலாம் என்று நேராகவே எழுதிவிடுங்கள், முடிவு எடுக்க வேண்டியவருக்குத் தேவைப்படுவது அந்த வரிதான்.