மரக் கரண்டிக்கு எந்த எண்ணெய் தேய்க்கலாம்?

(காட்சி: வேப்பங்கட்டையில் செதுக்கிய அகப்பை, இன்னும் எண்ணெய் படாதது)

வணக்கங்க. காங்கேயம் பக்கம் போனால் வழியெல்லாம் தேங்காய்ப் பருப்புக் களமும் எண்ணெய் மில்லும்தான். அதனால் புது மரச்சாமான் எதுவானாலும் தேங்காய் எண்ணெயையே எடுத்துத் தேய்த்துவிடுகிறோம். தேய்த்ததும் ரேகை பளிச்சென்று தெரியும். ஆனால் அது காயவே காயாது. நாலு தடவை கழுவினால் போய்விடும். கடலை எண்ணெய் இன்னும் மோசம், நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

மரத்துக்கு வேண்டியது தானாக இறுகும் எண்ணெய். நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது ஆளி விதை எண்ணெய். இது காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படும். அந்தத் தன்மையை அயோடின் எண் காட்டிவிடும், அதாவது 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை இழுத்துக்கொள்ளும் என்ற கணக்கு. சுமார் 130-க்கு மேல் இருந்தால்தான் எண்ணெய் நன்றாக இறுகும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டித்தான். ஆளி விதைக்கு 170-க்கு மேல்.

பெயிண்ட் கடையில் 'பாயில்டு' (காய்ச்சியது) என்று போட்டிருக்கும் ஆளி விதை எண்ணெயைச் சமையல் சாமானுக்கு வாங்க வேண்டாம். சீக்கிரம் காய்வதற்காக அதில் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைச் சேர்ப்பார்கள். செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெய் போதும்.

(காட்சி: உப்புத்தாள், ஈரத்துணி)

120, 180, 220 என்று உப்புத்தாளை வரிசையாகப் போடுங்கள், எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். அப்புறம் ஈரத்துணியால் ஒரு துடை. படுத்திருந்த நார் எழும்பி நிற்கும். காய்ந்ததும் 220-ல் மறுபடி லேசாக இழையுங்கள். இதை விட்டால் முதல் கழுவலிலேயே அகப்பை சொரசொரத்துப் போகும்.

எண்ணெயைக் கொஞ்சமாக ஊற்றி, உள்ளங்கையால் ரேகை போகும் திசையில் சூடு பறக்கத் தேயுங்கள். 20 நிமிடம் விட்டு, மேலே நிற்பதை ஒட்டத் துடையுங்கள். பலரும் பளபளப்புக்கு ஆசைப்பட்டு இங்கேதான் கெடுக்கிறார்கள். மிச்சம் நின்ற எண்ணெய் ஆடை கட்டிப் பிசுபிசுக்கும்.

(காட்சி: எண்ணெய்த் துணிகள் கொடியில் தனித்தனியாக)

இதைக் கவனமாகக் கேளுங்கள். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி அருமையானது. ஆனால் எண்ணெய் இறுகும்போது சூடு வரும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

பச்சை எண்ணெய் ஒவ்வொரு பூச்சுக்கும் சில நாள் கேட்கும். மூன்று பூச்சு போட்டு, மூன்று நான்கு வாரம் காற்றோட்டத்தில் வையுங்கள். தொட்டால் ஒட்டக் கூடாது, முகர்ந்தால் எண்ணெய் வாடை வரக் கூடாது. அப்புறம் தாராளமாக அரிசிம்பருப்பு கிண்டலாம்.