பாட்டி வீட்டைக் கட்டும் ஓரெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

பின்லாந்து நாட்டின் பின்னிஷ் மொழியில் மும்மோ என்றால் பாட்டி. மும்மோலா என்றால் பாட்டி வீடு. வீட்டைக் குறிக்கும் தனிச்சொல் எதுவும் அதில் கிடையாது. கடைசியில் ஒட்டிக்கொண்ட 'லா' என்ற ஓரெழுத்தே வீட்டைக் கட்டிவிடுகிறது.

கஹ்வி காப்பி, கஹ்விலா காப்பிக் கடை. சைராஸ் நோயாளி, சைராலா மருத்துவமனை. வங்கி என்றால் கைதி! வங்கிலா சிறைச்சாலை. அனோப்பி மாமியார், அனோப்பிலா மாமியார் வீடு. சிறையை 'மாமியார் வீடு' என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். அங்கே இரண்டுக்கும் இலக்கணமே ஒரே விகுதியைக் கொடுத்திருக்கிறது. முன்னால் வரும் உயிரொலிக்கு ஏற்ப இந்த 'லா' சற்று நெளியும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பண்ணைப் பெயர்கள்தான். மத்தி என்பவர் குடியிருந்த பண்ணை மத்திலா. செப்பா என்றால் கொல்லர். அவர் இடம் செப்பாலா. மனிதர் பெயர் இப்படி மண்ணுக்குப் போனது. பிறகு மண் அதைத் திருப்பிக் கொடுத்தது. மேற்குப் பின்லாந்தில் ஒருவர் எந்தப் பண்ணையில் வாழ்ந்தாரோ அதன் பெயரே அவருக்கும் பெயர். வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் பெயரும் மாறும். மத்திலாவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவரும் மத்திலாதான்! எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்ற சட்டம் 1920இல்தான் வந்தது. இன்று அடுக்குமாடியில் வசிக்கும் ஒரு செப்பாலாவின் பெயருக்குள் யாரோ ஒரு கொல்லரின் பட்டறை இருக்கிறது.

எலியாஸ் லொன்ரோத் என்ற மருத்துவர் நாட்டார் பாடல்களைத் திரட்டி 1835இல் வெளியிட்ட காவியத்தின் பெயரும் இதே வார்ப்புதான்: கலேவா என்ற ஆதி வீரனின் நாடு, கலேவலா. காட்டுத் தெய்வம் தபியோவின் இடம் தபியோலா. எஸ்போ நகரில் 1950களில் எழுந்த குடியிருப்புக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

ஆனால் 'லா' என்று முடிவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. கலா என்றால் வெறும் மீன். கலேவலாவில் இறந்தோர் உலகுக்கு இரண்டு பெயர்கள் வருகின்றன. துவோனி என்ற மரணத்தின் இடம் துவோனெலா; இதில் இருப்பது நம் விகுதிதான். மற்றொன்று மனலா. அதைப் பிரித்தால் மான், அலா என்று வரும். மண்ணுக்கு அடியில் என்று பொருள்.