அப்பாயி வீட்டு மரக்கால்: கிருபைக்குள் வந்தபின் கட்டளை எதற்கு?

[திரையில்: திண்ணையில் பழைய இரும்பு மரக்கால். பக்கத்தில் ஒரு படி நெல்.]

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

இது எங்கள் அப்பாயி வீட்டு மரக்கால். குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அந்தக் காலத்தில் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள். ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு கலம். வியாபாரிக்கு அளக்கும்போது மேலே கையை ஓட்டித் தலை தட்டுவார்கள். கூலிக்கு அளக்கும்போது மட்டும் அப்பாயி குறுக்கே வந்து நிற்பார். “ஆளுவளுக்கு அளக்குறப்ப தலை தட்டாத. குமிச்சு அள.”

இப்போது எல்லாம் மூட்டையும் மின் தராசும்தான். மரக்கால் சும்மா கிடக்கிறது. இன்றைய கேள்விக்குப் பதில் தேடும்போது எனக்கு இதுதான் கண்ணில் பட்டது.

[திரையில்: ரோமர் 6:14]

கேள்வி இதுதான். போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு தம்பி கேட்டார். “அண்ணே, நாம நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்ல, கிருபைக்குக் கீழ இருக்கோம்னு பவுலே சொல்றாரு. அப்புறம் எதுக்குப் பத்துக் கட்டளைய மனப்பாடம் பண்றோம்?” வாதம் பண்ணுவதற்காகக் கேட்கவில்லை. ஒரு கூட்டத்தில் அப்படிப் போதித்திருக்கிறார்கள், அவருக்கு உள்ளுக்குள் குழப்பம்.

நியாயப்பிரமாணம் என்றால் மோசே வழியாகக் கர்த்தர் கொடுத்த சட்டம். கிருபை என்றால் தகுதி பாராமல் அவர் காட்டும் தயவு. தம்பி சொன்ன வசனம் ரோமர் 6:14. “நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது.” இதை எடுத்துப் பேசுகிறவர்களில் பலர் அடுத்த வசனத்துக்குப் போவதில்லை. பவுல் அங்கே தம்பியின் கேள்வியையே எடுத்துக்கொள்கிறார். கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறோமே, அதனால் பாவம் செய்யலாமா? “கூடாதே” என்று அந்த இடத்திலேயே முடித்துவிடுகிறார். அதற்கு முன்பே, மூன்றாம் அதிகாரத்தின் கடைசியில், விசுவாசத்தினாலே நியாயப்பிரமாணத்தை அவமாக்குகிறோமா என்று கேட்டு, “நிலைநிறுத்துகிறோமே” என்று பதிலும் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் ‘கீழ்’ என்றால் என்ன? எல்லாக் குழப்பமும் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ரோமர் நிருபத்தில் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ் இருப்பது என்றால், அதன் தீர்ப்புக்குக் கீழ் நிற்பது. முழுதும் கைக்கொண்டால் பிழைப்பாய், தவறினால் குற்றவாளி. அந்த வழக்கில் நமக்குத் தீர்ப்பு ஆகிவிட்டது. “கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களாயிருந்து” என்று வருகிற எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம், ஆக்கினைத்தீர்ப்பில்லை என்கிறது. தீர்ப்பிலிருந்து விடுதலை என்பது ஒன்று. கட்டளை சொன்னவருடைய விருப்பத்திலிருந்தே விடுதலை என்பது வேறு. இரண்டாவதைப் பவுல் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

கலாத்தியரில் நியாயப்பிரமாணத்துக்கு ‘உபாத்தி’ என்று ஒரு சொல் வருகிறது. தமிழில் உபாத்தி என்றதும் பிரம்போடு நிற்கிற வாத்தியார் ஞாபகம் வருகிறார். மூலமொழியில் அது வாத்தியார் இல்லை. பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற வேலைக்காரர். பிள்ளை வளர்ந்தபின் அவர் கூடவே வர வேண்டியதில்லை. அதற்காக வளர்ந்த பிள்ளை அவர் காட்டிய வழியை மறந்து ரோட்டில் குறுக்கே ஓடுவதும் இல்லை.

[திரையில்: யாத்திராகமம் 19, 20]

அடுத்து ஒரு வரிசையைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த விஷயம் முழுவதும் இங்கேதான் விளங்கியது. இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்தது யாத்திராகமம் 14-இல். பத்துக் கட்டளை வருவது 20-இல். இதைக் கைக்கொள், அப்போது எகிப்திலிருந்து கொண்டுவருகிறேன் என்று கர்த்தர் சொல்லவில்லை. கட்டளைகளுக்கு முன்னால் நிற்கிற வரி, “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே.” மீட்பு நடந்து முடிந்துவிட்டது. மீட்கப்பட்ட ஜனம் எப்படி வாழ வேண்டும் என்பதுதான் மீதி. கிருபை புதிய ஏற்பாட்டில் தொடங்கியது என்று நினைத்தால் இந்த வரிசை கண்ணில் படாது.

சரி, கட்டளை எல்லாம் அப்படியே நமக்கு உண்டா? யூத மரபு மோசேயின் ஐந்து புத்தகங்களில் 613 கட்டளைகளை எண்ணுகிறது. ஒழுக்கம், பலி, ஆட்சிமுறை என்று மூன்று வகையாகப் பிரித்து, முதலாவது மட்டும் நிலைக்கிறது என்று சபைகள் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றன. பயனுள்ள பிரிவுதான். ஆனால் வேதம் அப்படி வண்ணம் பூசி வைக்கவில்லை. லேவியராகமம் 19-ஐத் திறந்து பாருங்கள். சமாதானபலியைச் சாப்பிடும் முறை அங்கே இருக்கிறது. ஒரே வயலில் இரண்டுவித விதையைக் கலந்து விதைக்காதே என்பதும், தாடி ஓரத்தைக் கத்தரிக்காதே என்பதும் அங்கேதான். “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக” என்று இயேசு எடுத்துச் சொன்னதும் இதே அதிகாரம்.

அப்புறம் 36-ஆம் வசனம். “சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும், சுமுத்திரையான மரக்காலும், சுமுத்திரையான படியும் உங்களுக்கு இருக்கவேண்டும்.” சுமுத்திரை என்றால் சரியான அளவு. மொழிபெயர்த்தவர்கள் நம்முடைய மரக்காலையே எடுத்து வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் இதை முதன்முதலாக வாசித்தபோது, வேதாகமத்துக்குள் எங்கள் வீட்டுச் சாமான் எப்படி வந்தது என்று ஓடிப்போய் அப்பாயியிடம் கேட்டேன். பழைய கதை ஒன்று சொன்னார். சில வீடுகளில் இரண்டு மரக்கால் இருக்குமாம். குத்தகை நெல் வாங்கப் பெரியது, கூலி அளக்கச் சிறியது. ஏறக்குறைய இதைத்தான் உபாகமம் 25 பெரிதும் சிறிதுமான படிகளை வீட்டில் வைத்திருக்காதே என்று தடுக்கிறது.

ஒவ்வொரு கட்டளையையும் கிறிஸ்துவிடம் கொண்டுபோய், அவரில் இது என்ன ஆனது என்று கேட்பதே நான் கண்ட வழி. அழிக்க அல்ல, நிறைவேற்றவே வந்தேன் என்றவர் அவர். பலிகள் அவருடைய ஒரே பலியில் முடிந்தன. எபிரெயர் 10 அதைத் தெளிவாகச் சொல்கிறது. விருத்தசேதனம் புறஜாதியாருக்கு வேண்டியதில்லை என்று அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடித் தீர்மானித்தார்கள். ஓய்வுநாள் விஷயத்தில் சபைகள் ஒத்துப்போவதில்லை. கொலோசெயர் 2:16-ஐ வைத்து, நாளைக் குறித்து யாரையும் குற்றப்படுத்தக் கூடாது என்பது என் நிலை. அன்புகூரும் கட்டளையோ இன்னும் அகலமாகித் திரும்பி வருகிறது. ரோமர் 13-இல் பவுல் விபசாரம், கொலை, களவு, இச்சை எல்லாவற்றையும் பெயர் சொல்லி எடுத்து, அன்பு நியாயப்பிரமாணத்தின் நிறைவேறுதல் என்று முடிக்கிறார். அன்பு வந்துவிட்டதால் களவு பற்றிப் பேச வேண்டாம் என்று அவர் விட்டுவிடவில்லை.

[திரையில்: தரங்கம்பாடி, புதிய எருசலேம் ஆலயம்]

நம் டெல்டாவுக்கு இது பழைய பாடம். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கினார்கள். சீகன்பால்க் தமிழாக்கியவற்றில் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசமும் ஒன்று. கிருபையினாலே மட்டும் இரட்சிப்பு என்று ஐரோப்பாவையே உலுக்கிய மனிதர் எழுதிய அந்தச் சின்னப் புத்தகம் எதில் தொடங்குகிறது? பத்துக் கட்டளைகளில். களவு செய்யாதிருப்பாயாக என்பதற்கு அவர் தரும் விளக்கம், பிறனுடைய பொருளை எடுக்காமலும் போலிச் சரக்கால் ஏமாற்றாமலும் இருப்பதோடு நிற்கவில்லை. அவனுடைய பிழைப்பு வளர உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. லூத்தரன், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இது ஏழாம் கட்டளை, மற்ற சபைப் பிள்ளைகளுக்கு எட்டாவது. வேதபாடப் போட்டியில் இதனால் சண்டையே வந்திருக்கிறது.

லூத்தர் காலத்திலேயே தம்பியின் கேள்வியும் எழுந்தது. அவருடைய நண்பர் யோகான் அக்ரிகோலா, மனந்திரும்புதலுக்கு நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்க வேண்டியதில்லை என்றார். 1537 முதல் 1540 வரை லூத்தர் அதை எதிர்த்து வாதங்களை எழுதினார். கிருபையை அவரைவிட உரக்கப் பேசியவர் யார்?

எதிர்ப்பக்கத் தவறையும் விட்டுவிடக் கூடாது. கட்டளையைக் கைக்கொண்டால்தான் கர்த்தர் ஏற்றுக்கொள்வார் என்று பயமுறுத்துகிற போதனை கிருபையையே தள்ளிவிடுகிறது. மோசே சொல்லாததையும் சேர்த்து, நகை போட்டால் பரலோகம் இல்லை என்றெல்லாம் பட்டியல் போடுவது அதைவிட மோசம். அப்படி ஒரு பட்டியலுக்குப் பயந்து சபையை விட்டே போன பெண்களை நான் அறிவேன். அந்தக் காயம் லேசில் ஆறுவதில்லை.

[திரையில்: நடவு வயல். மரக்கால் மறுபடியும்.]

ஆற்றுக்குக் கரை போலக் கட்டளை என்று நம் பக்கத்துப் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்வார்கள். அழகான உவமை. ஆனால் கரை வெளியில் இருக்கிறது. எரேமியா 31 சொல்வது வேறு: “நான் என் நியாயப்பிரமாணத்தை அவர்கள் உள்ளத்திலே வைத்து, அதை அவர்கள் இருதயத்திலே எழுதி.” புதிய உடன்படிக்கையில் கட்டளை காணாமல் போகவில்லை, இடம் மாறி உள்ளே போயிருக்கிறது.

இடம் மாறினது எப்படித் தெரியும்? நம் ஊரில் கூலி கொடுக்கும் நேரத்தில் தெரியும். கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது லேவியராகமம் 19:13. அந்தச் சட்டம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், யாக்கோபு 5:4-ஐக் காட்டுங்கள். வயல்களை அறுத்த வேலைக்காரருடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தருடைய செவிகளில் பட்டது. கிருபைக்குள் வந்த சபைக்குத்தான் இந்த நிருபம் எழுதப்பட்டது. அறுவடை முடிந்து பத்து நாளாகியும் கூலி பாக்கி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கிருபையைப் பாடுவது நமக்கு எப்படி முடிகிறது?

தம்பிக்கு இவ்வளவையும் அன்றைக்குச் சொல்லவில்லை. லூக்கா 19-ஐ வாசித்துவிட்டு வாருங்கள் என்றேன். சகேயு. வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன். அவன் கையிலும் கள்ள அளவு இருந்திருக்கும். அடுத்த வாரம் தம்பி வேதாகமத்தோடு வந்தார். லேவியராகமம் 6-ஐயும் தேடி வாசித்திருக்கிறார். அநியாயமாய் எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் அங்கே இருக்கிறது.

“அண்ணே, சகேயு நாலத்தனையாத் திருப்பிக் கொடுக்குறேங்கிறாரே. அவ்வளவு கொடுன்னு அவருக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலை, தம்பி. இயேசு அவர் வீட்டுக்குத் தங்க வந்திருந்தார்.”